சிக்னல் கிடைக்கும் பத்து நிமிடத்துக்குள்: மூடிலில் பாடப்பக்கத்தை ஒழுங்குபடுத்தும் முறை

மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் வார இறுதி டிப்ளோமா வகுப்புக்கு வரும் ஆசிரியை ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை ஒப்படையில்லாமல் வந்து நின்றார். காரணம் கேட்டேன். "ஒப்படை எங்க இருக்குன்னு தேடி முடிக்கிறதுக்குள்ள டேட்டா முடிஞ்சிருச்சு சேர்" என்றார். தோட்டக் குடியிருப்பான லயத்துக்குள் சிக்னல் எடுக்காது என்பதால், கோயிலடி வளைவு வரை நடந்து வந்து, அங்கே நின்றபடி என் பாடப்பக்கத்தைத் திறந்திருக்கிறார். அவருடைய போனை வாங்கி அதே பக்கத்தை நானும் மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தேன். 41 கோப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. "குறிப்பு", "குறிப்பு 2", "குறிப்பு புதியது", "இறுதி", "இறுதி திருத்தியது" என்பவை அவற்றின் பெயர்கள். ஒப்படை 38ஆவது இடத்தில் இருந்தது.

அந்த வரிசையில் நான் எந்தப் பிழையையும் அதுவரை கண்டதில்லை, ஏனெனில் அது நான் ஒவ்வொன்றையும் தயாரித்த வரிசை. எது எங்கே கிடக்கிறது என்பது என் மேசை இழுப்பறையைப் போல எனக்கு மட்டும் தெரியும். மாணவர் தேடுவது வேறு. இந்த வாரம் எதை வாசிப்பது, எதைச் செய்வது, எப்போது ஒப்படைப்பது என்ற மூன்றுக்கும் விடை அவருக்கு வேண்டும், அதுவும் சிக்னல் இருக்கும் சில நிமிடங்களுக்குள் வேண்டும். கீழே சொல்லியிருப்பவை அனைத்தும் இந்த ஒரு தேவையிலிருந்து வந்தவை.

நான் பயன்படுத்துவது மூடில். அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் முதற்பதிப்பாக வெளியிட்ட இந்தத் திறந்த மூல மென்பொருளைத்தான் இலங்கையின் பல்கலைக்கழகங்கள் பலவும் தம் கற்றல் முகாமைத்துவ முறைமையாக, அதாவது குறிப்புகளையும் ஒப்படைகளையும் இணையத்தில் இட்டு நடத்தும் தளமாக, வைத்திருக்கின்றன. அதற்குத் தமிழ் மொழிப் பொதி உண்டு என்றாலும், திரையில் பாதிச் சொற்கள் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாகத் தோன்றுவதால், பொத்தான்களின் பெயரைச் சொல்வதைவிட அவை செய்யும் வேலையைச் சொல்லிச் செல்கிறேன். கூகுள் கிளாஸ்ரூம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் தாளும் பேனையும்

பாடத்திட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரத்துக்கும் மூன்று வரிகள் எழுதுங்கள். வார இறுதியில் மாணவரால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்பது முதல் வரி. அதற்கு அவர் எதை வாசிக்க அல்லது கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. எதை ஒப்படைப்பார் என்பது மூன்றாவது. கணினியைத் திறப்பது இதன் பிறகுதான். என் கல்வி உளவியல் பாடத்தின் நான்காம் அலகுக்கு நான் எழுதியது இவ்வாறு இருந்தது: "பாத்திரம் மாறினாலும் அளவு மாறவில்லை என்பதைப் பிள்ளைகள் எந்த வயதளவில் உணர்கிறார்கள் என்று உளவியலாளர் பியாஜே கூறியதைத் தம் சொந்த அவதானிப்பைக் கொண்டு விளக்குவார். ஆறு பக்கக் குறிப்பை வாசிப்பார். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றிடமும் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றிடமும், ஒரே அளவு சாயத்தண்ணியை அகலக் கோப்பையிலும் ஒடுங்கிய கிளாசிலும் ஊற்றிக் காட்டி, எதில் கூட இருக்கிறது என்று கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புவார்."

இந்த மூன்று வரிகளுக்குள் வராத கோப்பு எதையும் அந்த அலகுக்குள் போடுவதில்லை என்று தீர்மானித்தபோது, என் 41 கோப்புகளில் 17 தாமாகவே விழுந்துவிட்டன. அவற்றில் சில, முன்பு வேறொரு வகுப்புக்குத் தயாரித்து, வீணாகிவிடக் கூடாதே என்று நான் ஏற்றி வைத்தவை. தயாரித்த உழைப்பு நமக்குப் பெரிதுதான், ஆனால் அதைத் தரவிறக்கும் செலவு மாணவருடையது.

வாரமா, அலகா

மூடிலில் பாடப்பக்கத்தைப் பிரிக்கப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. வாரவழி அமைப்பில் பாடம் தொடங்கும் திகதியைக் கொடுத்தால், ஒவ்வொரு பகுதிக்கும் உரிய திகதிகளை அதுவே எழுதிக்கொள்ளும். நடப்பு வாரத்தைத் தனித்துக் காட்டும். அலகுவழி அமைப்பில் பகுதிகளுக்கு நாமே பெயர் வைப்போம். எந்த அலகு நடக்கிறது என்பதையும் நாமே தெரிவுசெய்து தனித்துக் காட்ட வேண்டும். வாரவழி அமைப்பு வசதியாகத் தெரிந்தாலும் எங்கள் மலைநாட்டுக்கு அது ஒத்துவராது. மண்சரிவால் பாதை மூடப்பட்டு ஒரு சனிக்கிழமை வகுப்பு நின்றுபோனாலும் நாட்காட்டி நிற்காமல் நகரும். அதன்பின் பாடப்பக்கம் ஐந்தாம் வாரம் என்று சொல்ல, வகுப்பு நான்கில் நிற்கும். எனவே அலகுவழி அமைப்பையே எடுத்து, இலக்கமிட்டுப் பெயர் வைக்கிறேன்.

இலக்கம் இடுவதில் நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. "இன்னைக்கு ஏழாம் நம்பர் மலை" என்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஒரு வார்த்தை சொன்னால், எங்கே போவது, எந்தப் பாதையில் ஏறுவது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பாடப்பக்கத்திலும் "இந்த வாரம் அலகு 4" என்ற சொல் அதே வேலையைச் செய்ய வேண்டும். பகுதியின் தலைப்பு "4. பாத்திரம் மாறினால் அளவு மாறுமா?" என்றும், அதற்குள் இருப்பவை "4.1 வாசிப்பு", "4.2 ஒலிப்பதிவு", "4.3 ஒப்படை" என்றும் வரும். ஒவ்வோர் அலகிலும் வாசிப்பு முதலிலும் ஒப்படை கடைசியிலும் இருக்கட்டும். இரண்டாம் அலகில் பழகிய கண் ஒன்பதாம் அலகிலும் அதே இடத்தையே தேடும்.

பாட அமைப்புகளுக்குள், ஒரு பக்கத்தில் ஓர் அலகை மட்டும் காட்டும் தெரிவு ஒன்று உண்டு. அதைத் தெரிவுசெய்துவிட்டால், நான்காம் அலகைத் திறப்பவர் மற்றப் பதினொன்றும் ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கோப்புக்கு வைக்கும் பெயரில் இரண்டு அடுக்குகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். திரையில் மாணவர் காணும் பெயர் தெளிவான தமிழில் இருக்கட்டும். ஆனால் கணினியில் உள்ள கோப்பின் பெயரை ஆங்கில எழுத்திலும் இலக்கத்திலும் சுருக்கமாக வையுங்கள், ஏனெனில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் சில பழைய போன்களில் தரவிறங்கும்போது கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக மாறிவிடுகின்றன. கோப்பின் அளவையும் வகையையும் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் இரண்டு பெட்டிகள் அமைப்புகளில் உண்டு. இரண்டையும் தெரிவுசெய்யுங்கள். 1 மெகாபைட்டா 60 மெகாபைட்டா என்பது ரீலோட் போட்டுப் படிக்கும் ஒருவர் அழுத்துவதற்கு முன்பே அறிய வேண்டிய செய்தி.

குறிப்பைத் திருத்தினால் புதிய கோப்பைப் பழையதன் பக்கத்தில் ஏற்றாதீர்கள். பழைய பதிவையே திறந்து, அதற்குள் இருக்கும் கோப்பை மட்டும் மாற்றுங்கள். முன்பு அனுப்பிய இணைப்பும் கெடாது, "இறுதி திருத்தியது" என்ற பெயரும் பிறக்காது.

பாமினியில் இருக்கும் குறிப்புகள்

இலங்கைத் தமிழாசிரியர்கள் எல்லோரிடமும் பாமினி எழுத்துருவில் தட்டிய வேர்ட் கோப்புகள் பல ஆண்டுச் சேமிப்பாக இருக்கின்றன, என்னிடமும் உண்டு. பாமினி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிக்கோட் அன்று. அந்த எழுத்துரு இல்லாத போனில் அக்கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியலும், மெய்யெழுத்து வந்த இடமெல்லாம் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதை அப்படியே நகலெடுத்து மூடிலின் எழுதும் பெட்டிக்குள் ஒட்டினாலும் இதே கதிதான். என் வகுப்பில் ஒருவர், நான் ஏதோ ஆங்கிலக் குறிப்பை மாற்றி ஏற்றிவிட்டேன் என்று நினைத்து, வாசிக்காமலே விட்டிருந்தார்.

பாமினியிலிருந்து யூனிக்கோடுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒருமுறை முழுமையாக வாசித்தே ஆக வேண்டும். ஆவணத்துக்கு நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றி அவற்றையும் பாமினி என்று எண்ணி, பொருளற்ற தமிழெழுத்துகளாக்கிவிடும். அடைப்புக்குறிகளும் மேற்கோள் குறிகளும் இடம் மாறும். கொம்பும் அரவும் பிரிந்து நிற்கும் இடங்கள் சில இருக்கும். மாற்ற நேரமில்லாத நாளில் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றுவது தற்காலிக வழி. எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் பார்வைக்குச் சரியாகத் தெரியும், ஆனால் அதற்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆறு பக்கக் குறிப்பென்றால் அதைப் பிடிஎஃப் ஆக்குவதைவிட, மூடிலின் "பக்கம்" என்ற வகையில் நேரடியாக யூனிக்கோட் தமிழில் இடுவதையே நான் விரும்புகிறேன். ஏ4 தாளுக்கு அமைத்த பிடிஎஃப்பைப் போனில் வாசிப்பவர், வரிக்கு வரி விரலால் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கமாக இட்ட எழுத்து திரையின் அகலத்துக்குத் தானே மடங்கிக்கொள்ளும். பல அத்தியாயங்கள் உள்ள நீண்ட பகுதிக்கு "புத்தகம்" என்ற வகை பொருந்தும். கடந்தகால வினாத்தாள்களை மட்டும் ஒரு கோப்புறைக்குள் இட்டு வைக்கலாம், ஏனெனில் நல்ல சிக்னல் கிடைக்கும் நாளில் முழுவதையும் ஒரே அழுத்தலில் தரவிறக்கிக்கொள்ள அதில் வழி உண்டு.

கனத்தைக் குறைத்தல்

போன் கமராவில் எடுத்த ஒரு படம் சாதாரணமாக 3 முதல் 5 மெகாபைட் வரை இருக்கும். நூலின் 20 பக்கங்களை அப்படியே படமெடுத்து ஏற்றினால் 60 முதல் 100 மெகாபைட் ஆகிவிடும். அதே பக்கங்களை ஒரு ஸ்கேனர் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பிடிஎஃப் ஆக்கினால் சில மெகாபைட்டுக்குள் அடங்கும், எழுத்தும் தெளிவாக இருக்கும்.

காணொளிதான் பெரிய சிக்கல். சூமில் நடத்திய ஒன்றரை மணிநேர வகுப்பின் பதிவை அப்படியே ஏற்றுவது, கொழுந்துச் சாக்கை அப்படியே கொட்டி, நல்ல இலையை நீயே பொறுக்கிக்கொள் என்று சொல்வதற்குச் சமம். அந்தப் பதிவில் வருகை எடுத்ததும், "கேக்குதா, கேக்குதா" என்று கேட்டதும், நாய் குரைத்ததும் சேர்ந்தே இருக்கும். அதிலிருந்து விளக்கம் வரும் எட்டுப் பத்து நிமிடத்தை மட்டும் வெட்டியெடுங்கள். அதை மூடிலுக்குள் ஏற்றாமல் யூடியூபில், இணைப்பு உள்ளவர் மட்டும் காணும் பட்டியலிடாத காணொளியாக இட்டு இணைப்பைக் கொடுத்தால், பார்ப்பவர் தம் சிக்னலுக்கேற்பத் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். முகமும் படவில்லையும் அவசியமில்லாத விளக்கமென்றால் குரல் மட்டும் போதும். கணக்கைப் பாருங்கள்: விநாடிக்கு 32 கிலோபிட் வீதம் ஒலிப்பதிவு செய்தால் ஒரு நிமிடத்துக்கு 240 கிலோபைட், பத்து நிமிடப் பேச்சு 2.4 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். கொழுந்தெடுக்கும் தாய்க்கு உதவிவிட்டு வந்து இரவில் சமைத்துக்கொண்டே கேட்கிறேன் என்று ஒரு மாணவி சொன்னபிறகு, ஒவ்வோர் அலகுக்கும் ஒலிப்பதிவு வைத்துவிடுகிறேன்.

மூடிலின் போன் செயலியில் ஓர் அலகை முழுவதுமாக இறக்கி வைத்து, இணைப்பில்லாத இடத்திலும் வாசிக்கலாம். நிறுவனத்தின் தளத்தில் அந்தச் சேவை இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், தள நிர்வாகியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பின் மட்டும் செல்லுபடியாகும் டேட்டாப் பங்கு உள்ள பெக்கேஜ்களை வைத்திருப்போர் அந்த நேரத்தில் இறக்கிக்கொள்வார்கள். வினாடி வினாவையும் இணைப்பின்றிச் செய்ய அனுமதிக்கும் தெரிவு ஒன்று அதன் அமைப்புகளில் உண்டு, ஆனால் நேர வரையறை விதித்த வினாடி வினாவுக்கு அது பொருந்தாது. நான் நேர வரையறையைக் கைவிட்டேன்.

திகதிகள்

ஒப்படையின் அமைப்பில் இரண்டு திகதிகளைப் பலர் ஒன்றென நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். உரிய திகதி கடந்தபின்னும் ஒப்படையை ஏற்றலாம். எத்தனை நேரம் பிந்தியது என்று பதிவாகும், அவ்வளவுதான். நிறுத்தத் திகதி கடந்தால்தான் கதவு மூடும். இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிட்டு, மழையில் மின்சாரம் போனவர்களின் அழைப்புகளுக்கு ஞாயிறு இரவு முழுவதும் பதில் சொல்வதில் பயனில்லை. எங்கள் வகுப்பில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தவர்களும் இருக்கிறார்கள், பதுளைப் பக்கத்திலிருந்து வருபவர்களும் இருக்கிறார்கள். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்தை நனைக்கும். வடகீழ் பருவமழை வருட முடிவில் பதுளைப் பக்கத்தை நனைக்கும். ஒரே வகுப்புக்கு இரண்டு மழைக்காலங்கள். எனவே உரிய திகதியைப் புதன்கிழமையிலும், நிறுத்தத் திகதியை அதிலிருந்து பத்து நாள் தள்ளியும் வைக்கிறேன். அதையும் தாண்டி ஒருவருக்கு மட்டும் அவகாசம் வேண்டுமென்றால், அவர் பெயருக்கு எதிரே தனியாக நீட்டிப்புக் கொடுக்கலாம். எல்லோருக்கும் திகதியை மாற்றத் தேவையில்லை.

ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்று பூட்டுப்போடும் வசதியும் உண்டு. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். நானும் ஒருமுறை, நான்காம் அலகின் வினாடி வினாவில் 60 புள்ளி எடுத்தால்தான் ஐந்தாம் அலகு திறக்கும் என்று அமைத்துவிட்டுத் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டேன். இரண்டு வினாக்களுக்கு நான் கொடுத்திருந்த விடை பிழை. 11 பேர் மூன்று நாள் வெளியே நின்றார்கள். இப்போது பூட்டை ஓரிடத்தில் மட்டும் வைக்கிறேன்: மாதிரி விடை, ஒப்படையை அனுப்பியவருக்கே திறக்கும்.

முகப்பும் அறிவித்தலும்

பக்கத்தின் உச்சியில் நிறுவன இலச்சினையும் "அன்புடன் வரவேற்கிறோம்" என்ற பெரிய படமும் வேண்டாம். இந்த வாரம் எந்த அலகு, அடுத்த ஒப்படை எந்தத் திகதிக்கு, சிக்கலென்றால் யாரிடம் எப்போது பேசலாம் என்ற மூன்று வரிகள் போதும். அவற்றை வாரந்தோறும் மாற்ற வேண்டும். போன மாதத்து வரி அங்கே நின்றால் அடுத்த முறை யாரும் அதை வாசிக்கமாட்டார்கள்.

மூடிலின் அறிவித்தல் பகுதியில் இடுவது மின்னஞ்சலாகப் போகும். வழமையான அமைப்பில், திருத்துவதற்கென்று 30 நிமிட அவகாசம் விட்ட பின்னரே அது புறப்படும் என்பதால், வகுப்பு நடக்காது என்ற செய்தியைக் காலை ஆறரைக்கு அங்கே இட்டு, ஏழு மணி பஸ்ஸை யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று நம்பக்கூடாது. உண்மையில் எங்கள் மாணவர்கள் பார்ப்பது வாட்ஸ்அப் குழுவைத்தான். அதை எதிர்ப்பதில் அர்த்தமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பாமல், மூடிலில் அந்தக் கோப்பு இருக்கும் இடத்தின் இணைப்பை அனுப்புங்கள். கோப்பையே அனுப்பினால், திருத்திய குறிப்பு ஓரிடத்திலும் திருத்தாத குறிப்பு பலர் போன்களிலும் பரீட்சை வரை வாழும்.

திறந்து விடுவதற்கு முன்

மாணவராக மாறிப் பார்க்கும் தெரிவு ஆசிரியரின் பெயருக்குக் கீழே உள்ள பட்டியலில் இருக்கிறது. அதில் ஒருமுறை பாருங்கள். அதோடு நிறுத்தாமல், வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், வீட்டின் மிக மோசமான மூலையில் நின்று, போனில் திறந்து பாருங்கள். பக்கத்தைத் திறந்ததிலிருந்து இந்த வார ஒப்படையைத் தொடுவதற்கு எத்தனை அழுத்தல் ஆகிறது என்று எண்ணுங்கள். என் அளவுகோல் மூன்று. நான்கானால், எதையோ தவறான இடத்தில் வைத்திருக்கிறேன்.

அடுத்த அணி வரும்போது பக்கத்தை முதலிலிருந்து கட்டத் தேவையில்லை. முதலில் காப்புப் பிரதி ஒன்றை எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொண்டு, பிறகு பாடத்தை மீளமைத்தால், பழைய மாணவர்களின் ஒப்படைகளும் புள்ளிகளும் நீங்கி உள்ளடக்கம் மட்டும் மிஞ்சும். புதிய தொடக்கத் திகதியைக் கொடுத்தால் ஒப்படைத் திகதிகளும் அதே இடைவெளியில் நகர்ந்துகொள்ளும், ஆனால் அவை பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலோ தீபாவளியிலோ போய் விழுந்திருக்கின்றனவா என்று நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மீளமைப்பதற்கு முன் செயற்பாட்டு அறிக்கையை ஒருதரம் திறந்து, ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் எத்தனை தடவை திறந்தார்கள் என்று பாருங்கள்; யாரும் தொடாதவற்றை அடுத்த அணிக்குக் கொண்டுபோக வேண்டாம். 34 பேர் கொண்ட சென்ற அணியில், இரண்டு இரவு கண்விழித்து நான் செய்த 52 படவில்லைகளை இரண்டு பேர் திறந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நான்.